லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெரு உண்டு. அந்தத் தெருவில் காய்கறிக் கடை உண்டு, மருந்துக் கடை உண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணெய் காயும் பஜ்ஜிக் கடையும் உண்டு; ஏரி மட்டும் கிடையாது. அத்தெருவுக்கு அருகிலேயே இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தும், தினந்தோறும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து அச்சகத்து வேலைக்குப் போய்வந்தும், பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டிருந்த எனக்கு, பெயரில் இருக்கும் ஏரி எங்கே போயிற்று என்ற சந்தேகம் ஒரு நாளாவது எழுந்ததில்லை என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சந்தேகத்தை எழுப்பியவர், வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷனில் ஒரு பங்கைப் பழைய தேசப்படங்களுக்குச் செலவிட்டு, அதன் நிமித்தம் வீட்டில் அவ்வப்போது ஏச்சும் வாங்கிக்கொண்டிருக்கும் என் சிநேகிதர் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு ஏதோ காரியமாக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப காலத்துச் சென்னைப் படம் ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாதபடி நான்கு மூலைகளிலும் நான்கு டம்ளர்களை வைத்து, "உங்கள் வீட்டைக் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்" என்றார். மவுண்ட் ரோட்டைப் பிடித்துக்கொண்டு விரலால் தெற்கே நடந்தேன். சைதாப்பேட்டை இருந்தது, மாம்பலம் என்ற கிராமத்தின் பெயர் இருந்தது, ஆனால் பாண்டி பஜாரும் பனகல் பூங்காவும் இருக்கவேண்டிய இடத்தில், நுங்கம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும், ஒரு பெரிய நீர்ப்பரப்பு வளைந்து நீண்டு கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதற்கு இட்டிருந்த பெயர் லாங் டேங்க்.

1920-களில் அந்த ஏரியை வற்றடித்து, மனை பிரித்து, தெருக்கள் வகுத்து எழுப்பிய குடியிருப்புதான் தியாகராய நகர். ஏரி போன பிறகும் அதன் கரைகள் பெயர்களாக மிஞ்சின: மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு. வள்ளுவர் கோட்டம் 1976-இல் எழுந்ததும் நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்தில்தான். மழைக்காலந்தோறும் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது, வடிகாலையும் மாநகராட்சியையும் வாயார வைதுகொண்டு வாசற்படியில் நின்ற நான், அன்று அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான், தண்ணீர் என் வீட்டுக்கு வரவில்லை, நான்தான் தண்ணீரின் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

அன்று இருவராக இருந்தோம். இன்று ஏழெட்டுப் பேராகியிருக்கிறோம். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதே மேஜையைச் சுற்றிக் கூடுகிறோம். இதற்குப் பெயர் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. ஒரு முறை, முறைப்படி சங்கமாகப் பதிவு செய்துவிடலாமே என்று ஒருவர் பிரஸ்தாபித்தார். வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும் என்று வங்கிக்காரர் நினைவூட்டியதும் அந்த யோசனை காபியோடு கரைந்துபோயிற்று. நில அளவைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், கல்லூரி நூலகர் ஒருவர், காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் சரித்திர ஆசிரியர் ஒருவர், கணினித் தொழிலில் இருக்கும் ஒரு பெண், அவ்வப்போது அவள் இழுத்துக்கொண்டு வரும் அவளுடைய சிநேகிதிகள், வீட்டுக்காரரான வங்கிக்காரர், அப்புறம் நான். விதிகள் இரண்டே: ஒரு கூட்டத்துக்கு ஒரே படம், காபி வருவதற்கு முன்னால் விலையைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது.

ஒரே படத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் என்ன பேசுவீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஆரம்பத்தில் அப்படிக் கேட்டவன்தான். எனக்குக் கிடைத்த பதிலை ஒரு திருஷ்டாந்தத்தால் சொல்வதே உசிதம்.

செங்கற்பட்டுப் பக்கத்தில் எங்கள் பூர்வீகக் கிராமம் ஒன்று உண்டு. அப்பா காலமான பிறகு பெட்டியை ஒழித்தபோது, பத்திரங்களுக்கு அடியில், துணியில் ஒட்டி எட்டாக மடித்த கிராம வரைபடம் ஒன்று கிடைத்தது. அதை ஒரு மூன்றாம் ஞாயிறன்று கொண்டுபோய் விரித்தேன். சர்வேயர் முதலில் பார்த்தது படத்தையல்ல, அதன் ஓரத்திலிருந்த அளவுகோலை. "பதினாறு அங்குலம் ஒரு மைல், சார்" என்றார். பிறகு பென்சிலை எடுத்து, எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக்கி, கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். நிலம் அளந்த சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல். ஆகவே படத்தில் ஓர் அங்குலம் நிலத்தில் 5 சங்கிலி, அதாவது 330 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் ஆகையால், படத்தில் ஒரு சதுர அங்குலம் சரியாக இரண்டரை ஏக்கர். "கட்டை விரலை வையுங்கள், சார். அதுக்கடியில மறையறது சுமாரா ரெண்டரை ஏக்கர்" என்றார். வைத்தேன். எங்கள் தாத்தா ஆயுள் முழுதும் உழுது, வழக்காடி, அடமானம் வைத்து, மீட்டு, மறுபடியும் அடமானம் வைத்த நஞ்சை முழுவதும் என் கட்டை விரலுக்கடியில் அடங்கிவிட்டது.

அந்தப் படத்தில் இரட்டைப் புள்ளிக் கோடு ஒன்று ஊரிலிருந்து கிழக்கே நேராகப் போய், ஓரிடத்தில் காரணமே இல்லாமல் அரைவட்டமாக வளைந்து, மறுபடியும் நேராகப் போயிற்று. அதை வாய்க்கால் என்று நான் சொன்னேன். சர்வேயர் சிரித்து, "வண்டிப்பாதை, சார், வாய்க்கால் இப்படியா மேட்டுல ஏறி இறங்கும்?" என்று திருத்தினார். சரி, வண்டிப்பாதையே ஆகட்டும், ஏன் வளைகிறது? சரித்திர ஆசிரியர், அங்கே ஏதேனும் இடிந்த கோட்டைமேடு இருந்திருக்கலாம் என்ற அபிப்பிராயத்தைச் சற்று ஆசையோடு வெளியிட்டார். கணினிப் பெண், படத்தை நிழற்படம் எடுத்துத் தன் மடிக்கணினியில் ஏற்றி, விண்கோளிலிருந்து எடுத்த இன்றைய படத்தின் மேல் அதைப் பொருத்திப் பார்த்தாள். இப்போது அங்கே தார் ரோடு நேராகப் போவதாகவும், வளைவு இருந்த இடத்தில் செங்கல் சூளை ஒன்று இருப்பதாகவும் தெரிந்தது. சர்வேயர், வளைவுக்குள் அடங்கிய துண்டு நிலத்தின் எண்ணைப் பார்த்துப் புறம்போக்கு என்றார். அதற்கு மேல் எங்கள் எல்லோருடைய பாண்டித்தியமும் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் காபித் தட்டோடு வந்தவர் வங்கிக்காரரின் தாயார். எண்பத்துநான்கு வயது. எங்கள் கிராமத்துக்கு அடுத்த கிராமம்தான் அந்த அம்மாளின் பிறந்தகம் என்பது அதுவரையில் எனக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏன் தம்பி, அங்க ஒரு சுமைதாங்கி இருந்துதே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "பக்கத்துலயே பெரிய புளியமரம். எங்க பாட்டி தலைச்சுமையோட சந்தைக்குப் போறப்ப அங்கதான் இறக்கி வெச்சுட்டு வெத்தல போடுவா. வண்டிக்காரனும் மாட்டை அவுத்து நிழல்ல கட்டுவான். அந்தக் கல்லுக்கு மேல வண்டி ஓட்டுவாளோ? புள்ளத்தாச்சியா செத்துப்போன பொண்ணுக்கு நட்ட கல்லு அது."

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அளவைக்காரன் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தபோது அந்தப் பாதை வளைந்திருந்தது. வளைந்ததை வளைந்தபடியே அவன் நேர்மையாக வரைந்துவிட்டுப் போனான். வளைவு காகிதத்தில் தங்கிற்று. அதன் காரணம் ஒரு மூதாட்டியின் ஞாபகத்தில் தங்கிற்று. இரண்டும் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்திராவிட்டால், கோட்டைமேடு என்று நாங்கள் கதை கட்டியிருப்போம். பேர் தெரியாத அந்தப் பெண்ணின் கல் இரண்டாம் தடவையும் காணாமற்போயிருக்கும். படத்தைத் தனியாகச் சேர்க்கலாம், தனியாகப் படிக்கக் கூடாது என்ற அபிப்பிராயம் எனக்குள் வேரூன்றியது அன்றைக்குத்தான். அந்த அம்மாளும் அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தின் அங்கத்தினராகிவிட்டார். காபியை இப்போது நாங்கள் முறை வைத்துப் போடுகிறோம்.

தேசப்படப் பைத்தியம் பிடித்தவர்களுக்குச் சென்னையைப் போன்ற க்ஷேத்திரம் வேறு இல்லை என்பது சரித்திர ஆசிரியரின் கட்சி. அதற்கு அவர் காட்டும் ஆதாரங்கள் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியின் ஆதி வித்து, 1794-இல் எட்டு மாணவர்களை வைத்துக்கொண்டு ஆரம்பித்த ஒரு நில அளவைப் பள்ளிக்கூடம். அதைத் தொடங்கிய மைக்கேல் டாப்பிங் என்பவரே நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தையும் 1792-இல் எழுப்பியவர். அதன் கருங்கல் தூண், இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. இந்தியாவுக்கே முதல் சர்வேயர் ஜெனரலாக 1815-இல் நியமனம் பெற்ற காலின் மெக்கன்சி அதற்கு முன் பெரும்பாலும் வேலை செய்தது நம் தென்னாட்டில். நிலத்தை அளந்துகொண்டே அவர் ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளும், கைபீது என்னும் ஊர்ச் சரித்திரக் குறிப்புகளும் பல சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் நடந்தது பரங்கிமலை அடிவாரத்தில். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர், பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும்; அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது என்று அடுக்கிக்கொண்டே போனால் தேசம் முழுவதையும் அளந்துவிடலாம். ஆகவே அந்த முதற்கோடு எத்தனை துல்லியமோ அத்தனை துல்லியம்தான் மற்றதெல்லாம். அந்தச் சங்கிலிக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு என்பதை எங்களுக்குச் சொன்னவர் நூலகர். அது சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக ஆங்கிலேயத் தூது கோஷ்டியோடு போய், அங்கே வரவேற்பில்லாமல் திரும்பி, கல்கத்தா வழியாக லாம்டன் கைக்கு வந்ததாம். பீக்கிங் அரண்மனையில் துருப்பிடித்திருக்க வேண்டிய சங்கிலி, வேளச்சேரிப் பக்கத்து ஏப்ரல் வெயிலில் கிடந்து காய்ந்தது.

கோணங்களை அளக்க லண்டனிலிருந்து தருவித்த பெரிய தியோடலைட் கருவியோ அரை டன் எடை. வரும் வழியிலேயே கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டிக்குள் இருப்பது பீரங்கியல்ல, சாஸ்திரக் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். சத்துருவிடம் தப்பிய கருவி, 1808-இல் தஞ்சாவூரில் அடிபட்டது. காவிரிச் சமவெளியில் குன்று ஏது? ஆகவே பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்து, கருவி ஊசலாடிக் கல்லில் மோதி, அதன் வட்டம் கோணிப்போயிற்று. லாம்டன் கருவியோடு தனியே அமர்ந்து, ஆறு வாரம் போல ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தாமே சீர்செய்தார் என்கிறார்கள். இந்தக் கதையை ஆசிரியர் சொல்லி முடித்ததும் நாங்களெல்லாம் லாம்டனின் பொறுமையை வியந்துகொண்டிருந்தபோது, சர்வேயர் மட்டும், "கயிறு பிடிச்சவங்க கை என்ன ஆச்சு, சார்? அதை யாரும் எழுதலியா?" என்று கேட்டார். ஜவ்வாது மலையில் தாமே கருவியைத் தோளில் சுமந்து ஏறியவர் அவர். அவருக்குத் தோன்றிய கேள்வி எங்களில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு பழைய தாளின் அடியோரத்தில், இதிலுள்ள தீர்க்கரேகைகளிலிருந்து ஏறக்குறைய இரண்டரைக் கலையைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு அச்சாகியிருந்ததை ஒரு நாள் நான் கண்டேன். பிழை திருத்துபவன் புத்தி எனக்கு. அச்சான பிறகு சேர்த்த பிழைத்திருத்தப் பட்டியல் என்று நினைத்துச் சிரித்தேன். நூலகர் விளக்கினார். தேசத்துப் படங்களெல்லாம் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு எழுந்தவை. வானத்தைப் பார்த்துக் கணித்த அந்த ஆதார எண்ணில் சிறு பிசகு. தந்தி வந்த பிறகு, கிரீன்விச் நேரத்தோடு நம் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அதற்குள் தேசம் முழுவதற்கும் தாள்கள் செதுக்கியாகிவிட்டன. ஆகவே ஊருக்கு ஊர் தூரம் மயிரிழை பிசகாமல் இருக்க, தேசம் மொத்தமும் கிழக்கே சுமார் நாலரைக் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. புத்தகமெல்லாம் சரியாயிருந்து, பக்க எண் மட்டும் முதல் பக்கத்திலேயே தவறிப்போனதைப் போல என்று நான் சொன்னபோது, எங்கள் கூட்டத்தில் எனக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு என்று முதன்முறையாக நம்பினேன்.

பின்னாளில் இந்தியா முழுவதற்கும் ஒழுங்கான எண்முறை வகுத்தபோதும் சென்னைக்கு அதிர்ஷ்டம் போதவில்லை. ஓர் அங்குல அளவுத் தாள்களில், கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகை 15 கலையும், வட அட்சரேகை 13 பாகையும் தாள்களின் விளிம்புகளாக அமைந்தன. அவ்விரண்டும் சந்திப்பது அடையாறு அருகே. ஆகவே நம் பட்டணத்தை முழுவதும் பார்க்க 66 சி/4, 66 சி/8, 66 டி/1, 66 டி/5 என்று நான்கு தாள்கள் வேண்டும். மாம்பலத்தில் இருக்கும் நான் ஒரு தாளில். திருவல்லிக்கேணியில் இருக்கும் என் தமக்கை வேறொரு தாளில்.

அந்தத் தாள்களையும் நெடுங்காலம் சாமானியர்கள் வாங்கிவிட முடியாமல் இருந்தது. கடற்கரையிலிருந்தும் தேச எல்லையிலிருந்தும் ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்குள் அடங்கிய விரிவான படங்கள் பாதுகாப்புக் காரணத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. கடலோரத்தில் பிறந்த பாவத்துக்குச் சென்னையும் அதில் அடங்கிற்று. 2005-இல் வந்த தேசப்படக் கொள்கை, பொதுமக்களுக்கென்று ஒரு வரிசை, பாதுகாப்புக்கென்று ஒரு வரிசை என்று பிரித்தது. 2021-இல் வந்த வழிகாட்டு நெறிகள் இன்னும் பல கட்டுகளை அவிழ்த்துவிட்டன. இதற்கிடையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊரை அளந்து வரைந்த தாள்களை அயல்நாட்டு நூலகங்கள் தாராளமாக வலைத்தளங்களில் விரித்துவைத்துவிட்டன. தாத்தா காலத்து மாம்பலத்தை இலவசமாகவும், என் காலத்து மாம்பலத்தைச் சிரமப்பட்டும் பார்க்கவேண்டியிருந்த விசித்திரத்தை நாங்கள் பல வருஷம் அனுபவித்தோம்.

இனி, சேகரிப்பவர்களின் உலகத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அதில் மேன்மையும் உண்டு, சிறுமையும் உண்டு. செப்புத் தகட்டில் செதுக்கி அழுத்தி எடுத்த பழைய படமாயின், அதன் நாற்புறமும் தகட்டின் விளிம்பு காகிதத்தில் பதிந்து, விரலால் தடவினால் ஒரு சிறு பள்ளமாகத் தட்டுப்படும். அந்தப் பள்ளம் இல்லாமல் பழமை மட்டும் பேசும் படத்தைக் கண்டால் சந்தேகிக்கவேண்டும் என்று வங்கிக்காரர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓரத்தை வெட்டிவிட்ட அசலும் உண்டு, ஆகையால் சந்தேகிக்கலாமே தவிரத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும் எச்சரித்தார். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அதன் நாரைப் பார்ப்பதும், பின்புறத்து மடிப்புக் கோட்டைப் பார்ப்பதும் அவரிடம் நாங்கள் கற்றவைதாம். நடுவில் மடிப்பு இருந்தால், அது பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய அட்லஸ் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்த ஏடு.

இங்கேதான் எங்கள் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மனஸ்தாபம் வருகிறது. முழு அட்லஸுக்குக் கிடைக்கும் விலையைவிட, அதை உடைத்து ஏடு ஏடாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்பது வியாபாரிகளின் கணக்கு. அப்படி உடைத்ததை வாங்குவதே அந்தக் காரியத்துக்கு உடந்தையாவதுதான் என்று நூலகர் சாதிப்பார். நான் வாங்காவிட்டால் அது பம்பாயில் யாரோ ஒருவருடைய வரவேற்பறைச் சுவரில் வெயில் பட்டு வெளுக்கும், என்னிடம் இருந்தாலாவது நாலு பேர் படிப்பார்கள் என்று வங்கிக்காரர் சாதிப்பார். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் நூலகர் கட்சி. உடைந்த அட்லஸின் ஏடு, எத்தனை அழகாயிருந்தாலும், தன் முன்னுரையையும் தன் அண்டை அயல் ஏடுகளையும் இழந்த அனாதை.

பிறரைக் குற்றம் சொல்லும் எனக்கு என் கையால் நேர்ந்த பாதகம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அந்தக் கிராம வரைபடம், மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. அதைக் காப்பாற்றும் ஆவலில், ஒரு நகல் கடையில் கொடுத்து இருபுறமும் பிளாஸ்டிக் தாள் போட்டு லாமினேஷன் செய்துவிட்டேன். பளபளவென்று வந்தது, பெருமையோடு கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். நூலகர் அதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சூட்டில் உருகிய பசை காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிட்டது. இனிப் பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மை அதோடு வந்துவிடும். பிரிக்காவிட்டால் உள்ளே சிறைப்பட்ட காகிதம் தன் அமிலத்தில் தானே மஞ்சளித்துப் பொடியும். ராமபாணப் பூச்சி ஐம்பது வருஷத்தில் செய்திருக்கக்கூடியதை நான் ஐந்து நிமிஷத்தில் செய்துவிட்டேன். கணினிப் பெண் அன்றைக்குச் சுமைதாங்கிக்காக எடுத்த நிழற்படம்தான் இப்போது அந்தத் தாளுக்கு மிஞ்சிய நல்ல பிரதி.

இப்படிக் கூடுகிறவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும் அல்ல. அமெரிக்காவில் சிகாகோ தேசப்படச் சங்கம் 1976-இல் பிறந்தது. இங்கிலாந்தில் 1980-இல் பிறந்த சார்லஸ் குளோஸ் சங்கத்தார், அந்நாட்டு ஆர்டனன்ஸ் சர்வே அச்சிட்ட தாள்களை மட்டுமே ஆராய்கிறவர்கள்; தாளின் மூலையிலுள்ள அச்சுக் குறியைக்கூட விடமாட்டார்கள் என்று கேட்டபோது, பிழை திருத்துபவனான எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று. நம் சென்னையும் இதில் பின்தங்கியதல்ல: 1926-இலேயே இங்கே சென்னை பூகோளச் சங்கம் என்று ஒன்று தோன்றி, பிற்காலத்தில் இந்தியப் பூகோளச் சங்கமாகிப் பத்திரிகையும் நடத்திவருகிறது. அவர்கள் வித்துவான்கள். எங்களுடையது திண்ணைக் கூட்டம். ஆனால் திண்ணைக்கும் ஒரு வேலை உண்டு: பல்கலைக்கழகத்துக்குச் சுமைதாங்கியைத் தெரிந்த பாட்டிகள் வருவதில்லை.

சில சமயம் மேஜையை விட்டு எழுந்து நடப்பதும் உண்டு. சென்ற மார்கழியில், கவர்னர் பிட் காலத்தில் அளந்து வரைந்த சென்னைப் படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனோம். படத்தில் தெருத்தெருவாக வீடுகள் நெருங்கிக் கிடக்கும் பழைய கருப்பர் பட்டணம் இருந்த நிலத்தில் இன்று ஹைகோர்ட் நிற்கிறது. பிரெஞ்சுக்காரரோடு நடந்த யுத்தங்களை ஒட்டி, கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பு இருக்கலாகாதென்று அந்த வீடுகளையெல்லாம் தரைமட்டமாக்கினார்கள். இதற்கு இப்பால் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்களை நட்டார்கள். ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தில். கணினிப் பெண்ணின் சிநேகிதி அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தினமும் இந்த வழியாகத்தான் பஸ் பிடிக்கிறேன் என்றாள். லேக் வியூ ரோட்டுக்கு அருகில் இருபத்திரண்டு வருஷம் இருந்த நான் அவளைக் கேலி செய்யவில்லை.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ, பீரோவின் அடித்தட்டிலோ, அப்பா தாத்தா வைத்துவிட்டுப் போன கிராம வரைபடமோ, புலப்படமோ, மனைப்பிரிவுப் படமோ நிச்சயம் ஒன்று இருக்கும். அதை லாமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், மடித்தே வைக்காமல், அமிலமில்லாத காகிதத்துக்கு இடையே தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில் நல்ல நிழற்படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஊரில் நடந்து திரிந்த வயதானவர் ஒருவரை அழைத்து உட்காரவைத்து, படத்தை அவர் முன்னே விரித்து, அவர் சொல்வதையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். அவர் தாங்கமாட்டார். முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.